மூன்றாம் நாள் பாடம்

வகுப்பில் யாராவது மவுஸைத் தொட்டால் நான் திட்டுவதில்லை. பக்கத்தில் போய் நின்று, அந்தக் கையை மெதுவாக எடுத்து கீபோர்டின் மேல் வைத்துவிடுவேன். இருபத்தியொரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். எங்கள் கணினிப் பயிற்சி மையத்தில் என் பெயர் பலருக்குத் தெரியாது. "ஷார்ட்கட் டீச்சர் இருக்காங்களா?" என்றுதான் கேட்டுக்கொண்டு வருவார்கள். வாழ்க்கையில் ஒருநாளும் குறுக்கு வழியில் போகாதவளுக்கு இப்படி ஒரு பெயர் என்று என் தங்கை சிரிப்பாள்.

உங்கள் ஆஸ்பத்திரி விசாரணைப் படிவத்தில் 'நடந்ததைச் சுருக்கமாக எழுதவும்' என்று போட்டு, கீழே ஐந்து கோடு விட்டிருக்கிறீர்கள். அதில் அடங்காது. அதனால் தனித்தாளில் டைப் செய்து இணைக்கிறேன். போன வாரம் ஆஸ்பத்திரியில் உங்களிடமும் உங்கள் உதவியாளரிடமும் நான் சொன்னதில் சில இடங்கள் சரியில்லை. அவற்றையும் இதிலேயே திருத்திவிடுகிறேன்.

எனக்கும் என் தங்கைக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது. அப்பா அதற்கு முன்பே இல்லை. அவளுக்குத் தலை வாரியதும், பள்ளியில் 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டதும், காய்ச்சல் என்றால் விடிய விடிய உட்கார்ந்திருந்ததும் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. யார் என்ன உறவு என்ற கேள்விக்கு இது பதில்.

இருபத்திநாலு வயதில் அவள் வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிற வேலை. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விடவேண்டும் என்று மணிக்கணக்கில் யோசிப்பாளாம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். சாப்பிட்டியா என்பேன். சாப்பிட்டேன் என்பாள். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. பன்னிரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டு வருடமும் நான் ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்தேன். கழுவ இரண்டு நிமிடம்கூட ஆகாது.

பிறகு கான்டாக்ட் லென்ஸிலிருந்து அவளுக்குக் கண்ணில் கிருமி பிடித்தது. முதலில் ஒரு கண், பத்து நாளில் அடுத்தது. மருந்தில் கிருமி போனது, ஆனால் இரண்டு கருவிழியும் வெந்த முட்டை மாதிரி வெளுத்துவிட்டன. கண்ணுக்குள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது, மேலே கண்ணாடிதான் கெட்டுவிட்டது, வேறொருவர் தானம் கொடுத்த கருவிழியை வைத்தால் பார்வை வந்துவிடும் என்று உங்கள் டாக்டர் சொன்னார். காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதினோம். கட்டுப் போட்டிருந்த கண்ணோடு அவள் எதிலும் கையெழுத்துப் போட முடியாததால் போன் நம்பர், மெயில் முகவரி எல்லாம் என்னுடையதைக் கொடுத்தேன். அன்றைக்கு அதில் எந்த உள்நோக்கமும் இல்லை. இதை நீங்கள் நம்பலாம்.

அவள் வீட்டுக்கு வந்தாள்.

முதல் இரண்டு மாதம் பேசவே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். அவளுக்கு வருகிற மெயில்களை நான்தான் படித்துக் காட்டினேன். பழைய அலுவலகத் தோழி ஒருத்தி நீளநீளமாக எழுதுவாள். புதுப் புத்தகம் வந்தது, அட்டை எப்படி இருக்கிறது, நீ எப்போது வருவாய் என்று. அதைப் படித்த அன்றெல்லாம் தங்கை சாப்பிடமாட்டாள். நான்காவது கடிதத்தை நான் படிக்கவில்லை. டேப்பை மூடிவிட்டேன். "வேற எதுவும் வரலையாக்கா?" என்றாள். இல்லை என்றேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள். யாராக இருந்தாலும் என் இடத்தில் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மூன்றாவது மாதம் நான் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கிற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். ஏற்ற இறக்கமே இல்லாத அந்தக் குரலுக்கு அவள் 'மேனேஜர்' என்று பெயர் வைத்தாள். மவுஸைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். ஐந்து என்ற எண் சட்டென்று விரலுக்குத் தட்டுப்பட, அந்தச் சாவியின் மேல் ஒரு சொட்டுப் பசை வைத்துக் காயவிட்டேன்.

பிரவுசரில் டேப்களை எப்படி நினைத்துக்கொள்வது என்று கேட்டாள். வரிசையாக இருக்கிற அறைகள் என்று நினைத்துக்கொள் என்றேன். கண்ட்ரோலோடு ஒன்று அழுத்தினால் முதல் அறை, இரண்டு அழுத்தினால் இரண்டாவது. கண்ட்ரோலோடு டேப் அழுத்தினால் அடுத்த அறை, ஷிஃப்டும் சேர்த்தால் முந்தைய அறை. டி என்றால் புது அறை திறக்கும், டபிள்யூ என்றால் இருக்கிற அறை மூடும். ஒன்பது மட்டும் ஒன்பதாவது அறை இல்லை, எத்தனை அறை இருந்தாலும் கடைசி அறை.

"கடைசி பெஞ்சுக்குத் தனி மரியாதைன்னு சொல்லு" என்றாள்.

வீட்டுக்கு வந்தபிறகு அவள் முதல்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆறு வாரத்தில் என் பழைய மாணவர்கள் யாரும் அவள் பக்கத்தில் நிற்க முடியாது என்கிற அளவுக்கு வந்துவிட்டாள். ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருகிற ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். முதல் டேப்பில் ஒலிப்பதிவு, இரண்டாவதில் அவள் டைப் செய்கிற பக்கம், மூன்றாவதில் அகராதி, நான்காவதில் மெயில், ஐந்தாவதில் பாட்டு. இந்த ஐந்தும் எப்போதும் அதே வரிசையில் திறந்தே இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அவள் தாவுவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். நான் நிற்பது அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் நான் வரும்போது கதவைத் திறப்பதற்கு முன்பே "அக்கா, இன்னிக்கு ஒரு பேராசிரியர், ரெண்டு மணி நேரத்துல நூத்திப் பதினேழு தடவை 'அதாவது' சொன்னார்" என்று உள்ளிருந்தே ஆரம்பித்துவிடுவாள். பேச்சு ஓடும். இரண்டு தட்டைக் கழுவி முடிக்க அரைமணி நேரம் ஆகும்.

நாற்பது ஷார்ட்கட் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றை விட்டுவிட்டேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கடைசியாக மூடிய டேப் திரும்பத் திறக்கும். மறுபடி அழுத்தினால் அதற்கு முன்பு மூடியது. அதைச் சொல்லித்தர மறந்துவிட்டது என்று உங்கள் உதவியாளரிடம் சொன்னேன். இது முதல் திருத்தம். மறக்கவில்லை. என் வகுப்பில் அது மூன்றாம் நாள் பாடம். தோழியின் கடிதங்கள் வந்துகொண்டுதான் இருந்தன, அவள் குளிக்கப் போகும்போது நான் தனி டேப்பில் திறந்து பார்த்து, நீக்கிவிட்டு மூடுவேன். மூடியது மூடியதாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

அவள் வந்த ஐந்தாவது மாதம், ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது உங்கள் ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். கருவிழி கிடைத்திருக்கிறது, சாயங்காலத்துக்குள் வந்து சேரவேண்டும் என்றார். அன்று காலை தங்கை இரண்டு முறை தும்மியிருந்தாள். சளியும் காய்ச்சலுமாக இருக்கிறாள் என்றேன். அப்படியானால் செய்ய முடியாது, அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறோம் என்றார். சரி என்றேன். போனை வைத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பி, பாதியில் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தேன்.

அவளுக்கு அதைச் சொல்ல நினைத்தேன். வீட்டுக்குள் நுழையும்போதே அவள் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

இரண்டாவது அழைப்பு பத்தாவது மாதம். அவளுக்கு ஆபரேஷன் என்றால் பயமாக இருக்கிறது, மனசு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அந்த ஒருங்கிணைப்பாளர் அம்மா ரொம்ப மரியாதையாக, அவசரமில்லை, ஆனால் இனிமேல் ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் எழுத்து மூலமாகத்தான் பதில் தரவேண்டும், விதி மாறிவிட்டது என்றார்.

என்னைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கருவிழிகள் வீணாகப் போகவில்லை. பட்டியலில் அடுத்து இருந்த இரண்டு பேர் இன்றைக்குப் பார்க்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் காத்திருந்தவர்கள் இருந்திருப்பார்கள். சில நாள் பஸ்ஸில் போகும்போது எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, இவராக இருக்குமோ என்று நினைப்பேன். மனதுக்கு இதமாக இருக்கும்.

மூன்றாவது அழைப்பு இருபத்திநாலாவது மாதம், சனிக்கிழமை காலை. என் போனில் ஆஸ்பத்திரியின் இணையப் பக்கம் சரியாகத் திறக்காது, அதனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் அவளுடைய ஐந்து டேப்களுக்குப் பிறகு ஆறாவதாக அதைத் திறந்தேன். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தமும் பாட்டுச் சத்தமும் கேட்டது. 'நோயாளி விரும்பவில்லை' என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் எழுதாமல் அடுத்த பக்கம் போகவில்லை. 'நோயாளி இப்போதைய வாழ்க்கைக்குப் பழகிவிட்டார், மகிழ்ச்சியாக இருக்கிறார்' என்று டைப் செய்தேன். அனுப்பியதும், இது மூன்றாவது மறுப்பு என்பதால் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது என்று வந்தது. தண்ணீர்ச் சத்தம் நின்றது. கணக்கிலிருந்து வெளியே வரக்கூட நேரமில்லை. கண்ட்ரோல், டபிள்யூ. ஈரத் தலையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஐந்தாவது டேப்புக்குப் போய்ப் பாட்டைப் போட்டாள்.

அவளோடு வேலை பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். போனை எடுத்தால் வைக்கமாட்டார் என்பதால் எல்லோரும் அவரை 'ரேடியோ' என்பார்கள். அடுத்த புதன்கிழமை அவள் ஏதோ கவனத்தில், மூன்று மணி நேரம் டைப் செய்த பக்கத்தை மூடிவிட்டாள். பதறிப்போய் ரேடியோவைக் கூப்பிட்டிருக்கிறாள். இதுகூடத் தெரியாதா, உங்க அக்கா பெரிய டீச்சராச்சே என்று சொல்லி அவர் அந்த மூன்று சாவியைச் சொல்லியிருக்கிறார். அழுத்தினாள். பக்கம் திரும்ப வந்துவிட்டது. சந்தோஷத்தில், சும்மா பார்க்கலாமே என்று இன்னொரு முறை அழுத்தினாள்.

மேனேஜர் படிக்க ஆரம்பித்தது. அவள் பெயர், பதிவு எண், மூன்று தேதிகள், ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் 'மறுப்பு', அதற்குக் கீழே காரணங்கள். நான் அப்போது வகுப்பில் இருந்தேன்.

அன்றைக்கு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ரேடியோவின் மனைவி வந்து அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். சாயங்காலம் நான் வரும்போது கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து பேச்சு வரவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள், கையிரண்டையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு. நான் செருப்பைக் கழற்றிய சத்தம் கேட்டதும் கேட்டாள்.

"அக்கா, நான் பழகிட்டேனா?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"மகிழ்ச்சியா இருக்கேன்னு எழுதியிருந்தியே. அது நெஜமாவே அப்படித் தோணிச்சா, இல்ல எதையாவது எழுதணுமேன்னு எழுதினியா?"

"நெஜமாத்தான்" என்றேன்.

விரித்திருந்த கைகளை மடக்கிக்கொண்டாள். பிறகு, "இன்னிக்கு டாக்டர் கண்ணுல லைட் அடிச்சார்க்கா. எந்தப் பக்கம்னு கேட்டார். எனக்குத் தெரியல. ரெண்டு கண்ணுலயும் உள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போச்சாம். இனிமே யார் கண்ணை வெச்சாலும் தெரியாதாம்" என்றாள். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. மேனேஜரைப் போலவே இருந்தது.

மறுநாள் காலை போய்விட்டாள்.

இனி இரண்டாவது திருத்தம். அழுத்தம் ஏறும் என்று எனக்குத் தெரியாது என்று உங்களிடம் சொன்னேன். தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்க்கவேண்டும் என்று முதல் நாளே டாக்டர் சொன்னார். நீங்கள் கொடுத்த கையேட்டிலும் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. தலைவலி வரும், வெளிச்சம் தெரிவது குறையும், உடனே அழைத்து வரவும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. இரண்டு முறை அழைத்து வந்தேன். முதல் அழைப்பை மறுத்தபிறகு வரவில்லை. வந்தால் டாக்டர் அவளிடம் பட்டியலைப் பற்றிப் பேசிவிடுவார். இனி கருவிழி கிடைக்கும்போது வந்தால் போதும் என்று டாக்டர் சொன்னதாக அவளிடம் சொன்னேன். என்னை நம்பினாள். "நான் எல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பற ஆளாச்சே" என்று அதற்கும் ஒரு ஜோக் அடித்தாள்.

இரண்டாம் வருடம் தலைவலி வந்தது. வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள். மாத்திரை கொடுத்து, மடியில் தலையை வைத்துக்கொண்டு நெற்றியில் தைலம் தேய்த்துவிடுவேன். சின்ன வயதில் படுப்பதுபோலவே ஒரு கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கிப்போவாள். அவள் வலியில் இருந்தாள் என்பது தெரியும். எதனால் என்பதும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவள் தலையை இறக்கி வைத்துவிட்டு எழுந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. வெள்ளைத்திரை மாதிரி இருந்தாலும் பகலா இரவா, ஜன்னல் எந்தப் பக்கம் என்பதெல்லாம் முதலில் அவளுக்குத் தெரியும். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காபி குடிப்பாள். மூன்றாவது அழைப்புக்கு ஐந்து மாதம் முன்பு ஒரு காலையில், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகத்தைத் திருப்பினாள். "ஜன்னலை மூடியிருக்கியாக்கா?" என்று கேட்டாள்.

ஜன்னல் திறந்திருந்தது. வெயில் அவள் கழுத்தில், தோளில், டம்ளரில் எல்லாம் விழுந்திருந்தது.

"வெளியில மேகமா இருக்கு" என்றேன்.

"ஓ" என்று சொல்லிக் காபியைக் குடித்தாள்.

அந்த வாரமே அழைத்து வந்திருந்தால் ஒரு கண்ணையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் உங்கள் முன்னால் சொன்னார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். என் தங்கையின் பார்வையை எடுத்தது கிருமி இல்லை, நான்தான். படிவத்தில் 'பொறுப்பானவர்' என்ற இடத்தில் என் பெயரையே எழுதியிருக்கிறேன், கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

இப்போது அவள் அந்த நிறுவனத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீடு ஒன்றில் இருக்கிறாள். பழைய தோழி வேலையை இந்த ஊருக்கு மாற்றிக்கொண்டு வந்து அதே தெருவில் குடியிருக்கிறாள். நான் அவள் வீட்டுக்குப் போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். வீட்டுக்குப் போகவில்லை. செவ்வாயும் வெள்ளியும் எனக்குக் காலை வகுப்பு கிடையாது. அந்த இரண்டு நாளும் தெருமுனையில் நிற்பேன். எட்டே முக்காலுக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு கைத்தடியோடு வருவாள். அலுவலக வாசல்வரை நான்கு அடி பின்னால் நடப்பேன். சத்தம் வராத ரப்பர் செருப்பு வாங்கியிருக்கிறேன். வளையல் போடுவதில்லை. அவள் தெருவைக் கடக்கும்போது எந்த வண்டியும் வரவில்லை என்று பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டாமா?

நேற்று வெள்ளிக்கிழமை. மருந்துக்கடையைத் தாண்டியதும் அவள் நின்றாள். நானும் நின்றேன். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன். அவள் திரும்பவில்லை. தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"போயிடுக்கா. இனிமே வராத."

ஏழு மாதமாக அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று என்னை அக்கா என்று கூப்பிட்டாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்பதையும் இந்த வாக்குமூலத்தோடு சேர்த்துப் பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.